ஆறு தகடுகள் ஆறும் நேரம்

நான் ஜெர்மனிக்குப் போயிருக்க வேண்டியவன். பாஸ்போர்ட் எடுத்தாகிவிட்டது. அதில் இருக்கும் போட்டோவைப் பார்த்து, தேடப்படும் ஆள் மாதிரி இருக்கிறேன் என்று மனைவி சொன்னாள். திருப்பூரிலிருந்து கம்பளி ஸ்வெட்டர் ஒன்றும் வந்து சேர்ந்தது. அங்கே ஒரு சோதனைக்கூடத்தில் எங்கள் பட்டறைத் தகடுகளைத் தீயில் காட்டி, தாங்குகிறதா என்று பார்த்து, சான்றிதழோடு திரும்புவது என் வேலை. எல்லாம் முடிவான பிறகு ஒரு காலையில் எங்கள் முதலாளி தங்கவேல் அண்ணன் டீ குடித்துக்கொண்டே, அதே சோதனையைத் திருவனந்தபுரத்திலும் செய்கிறார்களாம் என்றார். "அதுவும் வெளிநாடு மாதிரித்தான் கண்ணு. பாஷை புரியாது, சோறு பிடிக்காது" என்று ஆறுதலும் சொன்னார்.

எங்கள் பட்டறை கோவையில் பீளமேட்டுப் பக்கம் ஒரு சந்தில் இருக்கிறது. உலோகத்தின் மேல் பீங்கான் தெளிப்பது எங்கள் தொழில். பீங்கான் என்றதும் சாயாக் கோப்பை நினைவுக்கு வரும். அதற்குத் தூரத்து உறவான ஒரு பவுடரை நெருப்பில் உருக்கி, துப்பாக்கி மாதிரி ஒரு கருவியால் இரும்பின் மேல் பீய்ச்சி அடிப்போம். பல வருஷமாகத் தண்ணீர் மோட்டார் தண்டுகளுக்குத்தான் அடித்துக்கொண்டிருந்தோம். அப்போது சென்னையிலிருந்து ராக்கெட் எஞ்சின் செய்யும் நான்கு இளைஞர்கள் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் எஞ்சினுக்குள் எரிகிற தீயில் எந்த உலோகமும் சற்று நேரத்தில் நெய்யாக உருகிவிடுமாம். அதற்கு ஒரு பீங்கான் சட்டை வேண்டும் என்றார்கள். தங்கவேல் அண்ணன் யோசிக்கவே இல்லை. "தெச்சுக் குடுத்தறலாம்" என்றார்.

அப்படித் தைத்த சட்டையோடு ஆறு வட்டத் தகடுகள், ஒவ்வொன்றும் ஒரு தோசைக்கரண்டி முகத்தின் அளவு, மனைவியின் பழைய பருத்திச் சேலையில் சுற்றி ஓர் எவர்சில்வர் சம்புடத்துக்குள் வைத்து மடியில் ஏந்தியபடி ஒரு செவ்வாய்க்கிழமை காலை தம்பானூர் ரயில் நிலையத்தில் இறங்கினேன்.

வாசலில் பெட்டியைச் சோதித்த பெண் போலீஸ், சம்புடத்தில் என்ன என்று கேட்டார். ராக்கெட் சாமான் என்று சொல்லிவிட்டேன். கோவையில் இப்படிச் சொன்னால் ஒன்று சிரிப்பார்கள், அல்லது உட்கார வைப்பார்கள். அவர் இரண்டும் செய்யவில்லை. பக்கத்தில் நின்றவரிடம் மலையாளத்தில், "இதுவும் ராக்கெட்டுதான், விடு" என்றார். இந்த ஊரில் வீட்டுக்கு ஓர் ஆள் ராக்கெட் சம்பந்தப்பட்ட ஏதோ ஒன்றில் இருக்கிறார் போலும். ஆட்டோக்காரரின் மச்சினி எரிபொருள் கலக்கும் இடத்தில் வேலை செய்கிறாளாம். நான் அறை எடுத்த விடுதியின் மேலாளருக்கு அண்ணன் வகையில் ஒரு விஞ்ஞானி. ஆறு தகடு கொண்டுவந்த என்னை அவர் பார்த்த பார்வையில், மீன் சந்தைக்கு நெத்திலி ஒரு கைப்பிடி கொண்டுவந்தவன் மாதிரி உணர்ந்தேன்.

விடுதி பழவங்காடியில், பிள்ளையார் கோயிலுக்கு எதிர்ச் சந்தில். அந்தப் பிள்ளையாருக்கு எல்லா நேர்த்திக்கடனும் தேங்காய்தான். விடிந்தது முதல் யாராவது ஒருவர் ஓங்கி உடைத்துக்கொண்டே இருந்தார். தன் சரக்கு விரிசல் விட்டுவிடுமோ என்று பயந்துகொண்டு வந்திருப்பவன் தங்கக்கூடாத இடம் அது. ஒவ்வொரு முறை 'படீர்' என்று கேட்டபோதும் சம்புடத்தைத் திறந்து ஒரு தடவை எண்ணிப் பார்த்தேன்.

காலைக்குப் புட்டும் கடலையும். புட்டைப் பழத்தோடு பிசைவதா கடலையோடு பிசைவதா என்று தெரியாமல் எதிரில் இருந்தவரைப் பார்த்தேன். அவர் இரண்டோடும் சேர்த்துப் பப்படத்தையும் நொறுக்கிப் போட்டுப் பிசைந்தார். ஒரு ஊர் தன் காலையை இவ்வளவு தாராளமாக நடத்துவது எனக்குப் பிடித்திருந்தது. மதியச் சோற்றைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியாக, குண்டாக, சிவப்புக் கோடு போட்டுக்கொண்டு, யாரோடும் ஒட்டமாட்டேன் என்று நின்றது. குடிக்கக் கொடுத்த வெந்நீர் இளஞ்சிவப்பு. கிளாஸ் கழுவவில்லை என்று சண்டைக்குப் போனேன். அது ஏதோ மரப்பட்டை போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீர், உடம்புக்கு நல்லது என்று பரிமாறுகிறவர் சொன்னார். சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவனுக்குத் தண்ணீர் விஷயத்தில் யார் என்ன சொன்னாலும் ஏறாது.

சோதனைக்கூடம் நகரத்துக்கு வெளியே, பொன்முடி மலைக்குப் போகும் சாலையில், ரப்பர் தோட்டத்துக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகையில் இருந்தது. தனியார் நடத்துவது. பொறுப்பில் இருந்தவர் டாக்டர் விசாலம். ஐம்பது தாண்டியவர். கரமனை ஆற்றங்கரை அக்ரகாரத்துக்காரர். மலையாளத்தில் படித்து, ஆங்கிலத்தில் எழுதி, தமிழில் திட்டுகிறவர். அவருக்கு உதவியாக பர்னரை இயக்கும் பிஜு. பிஜு பேசுவது மலையாளம் மட்டும்தான், அதுவும் தேவைப்பட்டால்தான்.

"வாங்கோ. கொரியர்ல போட்டா ஒடைஞ்சுடும்னு மடியிலயே கொண்டுவந்தேளாக்கும்? இங்க நெருப்புல காட்டப் போறோமே, அது பரவால்லையா?" என்று விசாலம் மேடம் வரவேற்றார்.

சோதனை கேட்பதற்குச் சாதாரணமானது. தகட்டின் முகத்தில் தீயைப் பாய்ச்சுவார்கள். அது ஆரஞ்சு நிறத்தில் தகதகக்கும். சில நிமிஷம் கழித்துத் தீயை விலக்கிவிட்டுக் குளிர்ந்த காற்றை அடிப்பார்கள். இது ஒரு சுற்று. இப்படி ஐம்பது சுற்றுத் தாங்கினால் ராக்கெட்டில் வைக்கலாம். நான் மேடத்திடம், எங்கள் பீங்கான் எந்தச் சூட்டையும் தாங்கும் என்று கொஞ்சம் மார்தட்டினேன். சூடு ஏறும்போது யாரும் சாவதில்லை, ஆறும்போதுதான் பாக்கணும் என்றார் அவர். இரும்பு வேகமாகச் சுருங்குமாம், பீங்கான் மெதுவாகச் சுருங்குமாம். உள்ளே இருப்பவன் சட்டென்று இளைத்துவிட்டால் சட்டை என்ன செய்யும் என்று கேட்டார். பல வருஷமாக இதே தொழிலில் இருக்கும் எனக்கு இது தெரியும். ஆனால் தெரிந்ததை அடுத்தவர் வாயால் கேட்பது எப்போதும் எரிச்சல்தான்.

புதன்கிழமை காலை முதல் தகட்டை மாட்டினார்கள். கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். தீ பட்டதும் அது மெல்லச் சிவந்து, பிறகு மஞ்சளாகி, கடைசியில் உதிக்கிற சூரியன் மாதிரி நின்றது. பெருமையாக இருந்தது. காற்று அடித்ததும் அணைந்து வெள்ளைத் தகடாகத் திரும்பியது. இரண்டு, மூன்று, நான்கு. பத்தாவது சுற்றில் நான் மனைவிக்கு போன் போட்டு எல்லாம் பிரமாதம் என்றேன். பதினோராவது சுற்றில், தீ விலகி, தகடு ஆறிக்கொண்டிருந்தபோது, 'டிக்' என்று ஒரு சத்தம். சின்னச் சத்தம். பேனாவை மூடுகிற மாதிரி. பீங்கான் முழுதாக, ஓர் அப்பளம் மாதிரி, கழன்று கீழே விழுந்தது.

பிஜு பர்னரை நிறுத்தினார். நான்தான் முதலில் பேசினேன். பர்னரின் கோணம் சரியில்லை என்றேன். பிஜு ஒரு அளவுகோலைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அளந்தேன். சரியாக இருந்தது. பிறகு இரண்டாவது தகடு. ஒன்பதாவது சுற்றில் 'டிக்'. இந்த ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், அதுதான் காரணம் என்றேன். மேடம் ஜன்னல் பக்கம் பார்த்தார். வெளியே நல்ல வெயில். மூன்றாவது தகடு பதின்மூன்று வரை போனது. மீதி மூன்று தகடுகளுக்கு ஆக்ஸிஜன் சிலிண்டர் போதாது, லாரி மறுநாள்தான் வரும் என்றார் பிஜு. வாழ்க்கையில் ஒரு பற்றாக்குறைக்கு நான் அவ்வளவு நன்றி சொன்னதில்லை.

கிளம்பும்போது மேடம் ஒன்று மட்டும் கேட்டார். ஆறு தகட்டுக்கும் என்றைக்கு மணல் அடித்தீர்கள், எப்போது பீங்கான் தெளித்தீர்கள், அந்தக் கணக்கை நாளை கொண்டுவாருங்கள் என்றார். மணல் அடிப்பது என்றால், இரும்பு முகத்தைக் கரடுமுரடாக்குவது. அப்போதுதான் மேலே தெளிக்கிறது பிடித்துக்கொள்ளும்.

அன்று மாலை பழவங்காடி விடுதியில் இருந்து தங்கவேல் அண்ணனுக்கு போன் செய்தேன். சென்னைப் பையன்கள் கேட்டால் என்ன சொல்வது என்றார். எனக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. பர்னர் போயிற்று, ஈரம் போயிற்று. மிச்சம் இருந்தது பவுடர். பெருந்துறையில் சின்னதாக ஒரு கோடவுன் வைத்து, பவுடரைச் சலித்து, காயவைத்து எங்களுக்குக் கொடுக்கிறவர் ராஜாமணி. ஒரு தடவைகூடத் தப்பான சரக்கு தந்ததில்லை. ஆனால் அவர் அந்த இடத்தில் இல்லை. இல்லாத ஆளைச் சொல்வது எவ்வளவு வசதி என்று அன்று தெரிந்தது.

"நீ உறுதியாத்தான் சொல்றயா கனகு?" என்று அண்ணன் கேட்டார்.

"பவுடரேதான் அண்ணா" என்றேன்.

பத்து நிமிஷத்தில் அவரே திரும்பக் கூப்பிட்டார். ராஜாமணியிடம் நன்றாகக் கேட்டுவிட்டதாகவும், இனி ஒரு மூட்டையும் அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகவும் சொன்னார். நான் கீழே இறங்கிப் போய் இரண்டு பரோட்டா சாப்பிட்டேன். நன்றாகவே சாப்பிட்டேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

வியாழக்கிழமை அந்தத் தகரக் கொட்டகைக்குப் போகப் பேருந்து ஏறினேன். பலகை எல்லாம் மலையாளம். எழுத்தைப் படம் பிடித்து வைத்திருந்ததோடு ஒப்பிட்டுச் சரியான பேருந்தில்தான் ஏறினேன். சரியான இடத்தில் இறங்குவதற்குத்தான் விழித்திருக்க வேண்டியிருந்தது. ஜன்னல் காற்றில் தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது பேருந்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. வெளியே மூடுபனி. கொண்டை ஊசி வளைவு ஒன்றில் ஓட்டுநர் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தார். நடத்துநரிடம் இது எந்த இடம் என்று கேட்டேன். இன்னும் நாலு வளைவு, பொன்முடி என்றார். என் இடம் போய் ஒரு மணி நேரம் ஆகிறதாம். எழுப்பியிருக்கலாமே என்றதற்கு, நன்றாகத் தூங்கினீர்கள், சுற்றுலாவுக்கு வந்தவர் என்று நினைத்தேன் என்றார். அவ்வளவு கருணையோடு யாரும் என்னை இதுவரை திசை தப்ப விட்டதில்லை.

திரும்பும் பேருந்து மூன்று மணி நேரம் கழித்து. மேலே ஒரு டீக்கடை, நிறையப் பனி, தேயிலை. ஊட்டிக்குப் பழகிய எனக்கு, வேறு கடை எதுவும் இல்லாத மலை கொஞ்சம் அரைகுறையாகத் தெரிந்தது. மேடத்துக்குத் தகவல் சொல்லலாம், பட்டறையில் அந்தக் கணக்கையும் கேட்கலாம் என்றால் போனில் ஒரு கோடும் இல்லை. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகள் பக்கம் நடந்தேன். சாலை வளைவில் நான்கைந்து பேர் வரிசையாக, ஆளுக்கொரு திசை பார்த்து, காதில் போனோடு நின்றிருந்தார்கள். தலையில் சாக்கு மடித்துப் போட்டிருந்த ஒரு அம்மா, நான் போனைத் தூக்கித் தூக்கிக் காட்டுவதைப் பார்த்துத் தமிழிலேயே பேசினார். பேர் புஷ்பம். அப்பா காலத்தில் தென்காசிப் பக்கமிருந்து கொழுந்து பறிக்க வந்த குடும்பம்.

"அங்கன கிட்டாது அண்ணாச்சி. இந்தக் கல்லு மேல ஏறி நில்லுங்க. கொஞ்சம் சரிஞ்சு நிக்கணும்" என்றார்.

கல் மேல் ஏறி, சரிந்து நின்று, மேடத்துக்குச் சொல்லிவிட்டு, பட்டறைக்கு போன் செய்தேன். எடுத்தது செல்வி. எங்கள் பட்டறையில் பதினோரு வருஷமாகத் தெளிப்புக் கருவி பிடிக்கிறவர். கோவையில் யாரைவிடவும் நன்றாகப் பிடிப்பார். சம்பளப் புத்தகத்தில் மட்டும் இன்னும் 'ஹெல்பர்'. ஆறு தகட்டில் மூன்று நான் செய்தது, மூன்று செல்வி செய்தது. சோதனைப் படிவத்தில், செய்தவர் என்ற இடத்தில் ஆறுக்கும் என் பெயர்தான். டிப்ளமோ எனக்குத்தானே இருக்கிறது.

ரெஜிஸ்டரை எடுத்துப் படிக்கச் சொன்னேன். செல்வி முதலில் தன்னுடையதைப் படித்தார். நான்கு, ஐந்து, ஆறு மூன்றுக்கும் மணல் அடித்து ஒரு மணி நேரத்துக்குள் தெளிப்பு. பிறகு என்னுடையது.

"ஒண்ணு, ரெண்டு, மூணு. மணல் அடிச்சது ஒன்பதாம் தேதி, மத்தியானம் மூணு மணி. தெளிச்சது பத்தாம் தேதி, பன்னண்டு மணிங்க." கொஞ்சம் நிறுத்தி, "உங்க கையெழுத்துதானுங்க அண்ணா" என்றார்.

ஒன்பதாம் தேதி என் மச்சான் மகனுக்குக் காதுகுத்து. ஆட்டுக்கறி விருந்து. மூன்று மணிக்கு மணல் அடித்து முடித்தவன், தெளிக்காமல் அப்படியே மேஜையில் வைத்துவிட்டு ஓடினேன். மறுநாள் வந்து, ஒன்றும் ஆகாது என்று தெளித்தேன். மணல் அடித்த இரும்பு தோலுரித்த மாதிரி. ராத்திரி முழுக்கக் காற்றில் கிடந்தால் அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆடை படிந்துவிடும். பீங்கான் அந்த ஆடையைத்தான் பிடித்துக்கொள்ளும், இரும்பை அல்ல. புதிதாக வேலைக்குச் சேருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாளே இதை நான்தான் சொல்லிக்கொடுப்பேன்.

செல்வி கேட்டார், "தேதியை மாத்தி எழுதோணுமுங்களா?" குரலில் கிண்டலும் இல்லை, கண்டிப்பும் இல்லை. முதலாளி சொன்னால் செய்வது மாதிரிதான் கேட்டார். வேண்டாம் என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அந்தக் கொஞ்ச நேரத்தைப் பற்றித்தான் இன்றைக்கும் எனக்கு வெட்கம்.

கல்லிலிருந்து இறங்கினேன். என் முகத்தைப் பார்த்து யாராவது இறந்துவிட்டார்களா என்று புஷ்பம் கேட்டார். இல்லை, வேலையில் ஒரு தப்பு என்றேன். அப்படியானால் பால் இல்லாத கட்டன் சாயா குடிக்கலாம் என்று லயன் வீட்டு வாசலுக்குக் கூட்டிப்போனார். தோட்டத்தில் எடை போடுகிறவர் குறைத்து எழுதிவிட்டு, மிஷின் சரியில்லை என்று சொல்வதைப் பற்றி வெகுநேரம் பேசினார். நான் எதற்கும் தலையாட்டவில்லை. சாயாவில் சர்க்கரை அதிகம். முழுதும் குடித்தேன்.

கொட்டகைக்கு வந்து சேர்ந்தபோது மணி மூன்றைத் தாண்டியிருந்தது. சிலிண்டர் லாரியும் அப்போதுதான் வந்திருந்தது. விசாலம் மேடம் மேஜையில் தோற்றுப்போன மூன்று தகடுகளையும் பரப்பி வைத்திருந்தார். நான் உட்காராமலே சொல்லிவிட்டேன். தேதி, மணி, காதுகுத்து, கறி, எல்லாம். பவுடர்க்காரர் மேல் பழி போட்டதையும், மீதி மூன்று தகடுகள் செல்வி செய்தவை என்பதையும் சொன்னேன்.

அவர் ஒரு தகட்டைத் திருப்பிக் காட்டினார். பீங்கான் கழன்ற இடத்தில் இரும்பு சுத்தமாக இருந்தது. நெற்றியிலிருந்து ஸ்டிக்கர் பொட்டை எடுத்த மாதிரி, ஒரு துணுக்குக்கூட ஒட்டியிருக்கவில்லை. பவுடரில் குறை என்றால் பீங்கான் நடுவில் பொடிந்திருக்கும், இப்படி அடியோடு கழலாது என்றார். புதன்கிழமை முதல் தகட்டிலேயே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"பின்னே ஏன் மேடம் அப்பவே சொல்லல?"

"நான் எழுதினா அது ஊகமாக்கும். நீங்க சொன்னாத்தான் அது காரணம். அதுக்காகத்தானே ரெஜிஸ்டர் கேட்டேன்."

தங்கவேல் அண்ணனுக்கு அங்கிருந்தே போன் செய்தேன். கத்துவார் என்று போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளியே வைத்திருந்தேன். அவர் கத்தவில்லை. "அந்த மனுசனை நான் என்னென்னமோ பேசிப்போட்டனே கனகு" என்றார். சென்னைப் பையன்களிடம் தான் பேசிக்கொள்வதாகவும், ராஜாமணியிடம் நான்தான் பேச வேண்டும் என்றும் சொல்லி வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை மீதி மூன்று தகடுகள். நான்காவது தகடு இருபதைத் தாண்டியபோது பிஜு என்னைத் திரும்பிப் பார்த்தார். நாற்பதில் எனக்கு ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டார். ஐம்பதாவது சுற்று ஆறி முடிந்தும் சத்தம் வரவில்லை. ஐந்தாவதும் ஐம்பது நின்றது. ஆறாவதில் நாற்பத்தொன்றில் ஓரத்தில் மட்டும் நகம் அளவுக்கு ஒரு சில்லு தெறித்தது. மற்ற முகம் அப்படியே இருந்தது.

இதைச் செய்தவரிடம் பேச வேண்டும் என்றார் மேடம். படிவத்தில் என் பெயர் இருந்ததை அவர் கேட்கவே இல்லை. செல்விக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். மேடம் தான் யார் என்று சொல்லிவிட்டு, ஆறாவது தகட்டு ஓரத்தில் என்ன ஆனது என்று கேட்டார்.

"அந்தப் பக்கம் தகட்டைப் பிடிச்சிருந்த கிளாம்ப் கொஞ்சம் மறைச்சுப்போடுச்சுங்க மேடம். பீங்கான் அங்க மெல்லிசாத்தான் விழுந்துச்சு. ரெஜிஸ்டர்ல கடைசிக் கட்டத்துல அன்னிக்கே எழுதி வெச்சிருக்கேனுங்க" என்றார் செல்வி.

அந்தக் கடைசிக் கட்டத்தை நான் ஒருநாளும் படித்ததில்லை. இப்படி ஒரு கட்டம் இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அடுத்த தடவை நீங்களே வாங்கோ என்றார் மேடம். வீட்டில் கேட்டுச் சொல்வதாகச் செல்வி சொன்னார். உடனே, அங்கே காற்று எந்தத் திசையிலிருந்து அடிக்கிறார்கள், எவ்வளவு வேகம் என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். இருவரும் பேசி முடிக்கும் வரை போனைப் பிடித்துக்கொண்டு நின்றது மட்டும்தான் அன்று நான் செய்த வேலை.

படிவத்தில் நான்கு, ஐந்து, ஆறுக்கு எதிரே என் பெயரை அடித்து செல்வி பெயரை எழுதினேன். முதல் மூன்றுக்குத் தோல்விக் காரணம் என்று ஒரு பெட்டி. ஆங்கிலத்தில் இரண்டு முறை எழுதிப் பார்த்தேன். இரண்டு முறையும் யார் செய்தார்கள் என்று தெரியாத மாதிரியே வாக்கியம் அமைந்தது. மேடம் தமிழிலேயே எழுதுங்கோ என்றார். 'மணல் அடித்த தகடுகளில் உடனே பீங்கான் தெளிக்காமல் மறுநாள் தெளித்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிஜு என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். மேடம் மலையாளத்தில் படித்துச் சொன்னார். இந்தப் பெட்டியில் இதுவரை எல்லாரும் எங்கள் ஊர் மழையைத்தான் எழுதியிருக்கிறார்கள் என்றார் பிஜு. வந்த நான்கு நாளில் அவர் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

ரயிலுக்கு நிறைய நேரம் இருந்தது. ராஜாமணிக்கு போன் செய்யவும் நிறைய நேரம் இருந்தது. அதனால் ஆரியசாலைக் கடைவீதிக்குப் போனேன். வீட்டுக்கு ஏத்தங்காய் வற்றல் என்கிற நேந்திரங்காய் சிப்ஸ் வாங்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மொத்தக் கடைகள் நெருக்கியடித்த சந்துகள். மிளகாய், கருப்பட்டி, கயிறு எல்லாம் கலந்த வாசனை. நாஞ்சில் நாட்டுக்காரர் ஒருவர் கடையில் ஏறினேன். தமிழும் மலையாளமும் ஒரே தராசில் போட்டுப் பேசினார். "கோயம்புத்தூரா? அங்க உள்ளவங்க மரியாதையாப் பேசியே வெலையக் கொறைச்சிருவாங்களே, நமக்குத் தெரியாதா" என்றார். மரியாதையாகப் பேசினேன். குறைக்கவில்லை.

பிறகு போளியும் பால்பாயசமும் சாப்பிட்டேன். இலையில் போளியை விரித்து அதன்மேல் பாயசத்தை ஊற்றுகிறார்கள். இனிப்பின்மேல் இனிப்பு. இதை யோசித்தவருக்கு வாழ்க்கையில் எந்தக் குற்றவுணர்ச்சியும் இருந்திருக்காது. இரண்டாவது போளியும் கேட்டேன். அதுவும் முடிந்தது. கை கழுவினேன். மெதுவாகத்தான் கழுவினேன்.

ரயில் நிலையத்தில் என் வண்டி இருபது நிமிஷம் தாமதம் என்று மூன்று மொழிகளில் அறிவித்தார்கள். சாக்குச் சொல்ல வேறு எதுவும் மிச்சமில்லை. நடைமேடைக் கடைசியில், ஆள் இல்லாத பெஞ்சில் உட்கார்ந்து ராஜாமணியை அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"சொல்லுங்க தம்பி" என்றார். பின்னால் சல்லடை ஆட்டும் சத்தம் கேட்டது. "நானே கூப்பிடோணும்னு இருந்தேன். புதன்கிழமையில இருந்து கோடவுன்ல இருக்கற எல்லா டிரம்மையும் தெறந்து மறுபடி சலிச்சிட்டு இருக்கறோம். நானும் வீட்டுக்காரியும்தான். எங்க தப்புன்னு இன்னும் பிடிபடலீங்க. அந்தத் தகட்டுல ஒரு துண்டு கிடைச்சா அனுப்புங்க, பாத்துக்கறேன்."

சலிக்க வேண்டாம் என்றேன். ஏன் என்றார். பவுடரில் ஒரு தப்பும் இல்லை, தப்பு என்னுடையது, தெரியாமலே அவர் பேரைச் சொல்லிவிட்டேன் என்று சொன்னேன். மணல் அடித்த விஷயத்தையும் சொன்னேன். காதுகுத்தைச் சொல்லத் தைரியம் வரவில்லை, பிறகு அதையும் சொன்னேன். சல்லடைச் சத்தம் மட்டும் தொடர்ந்து கேட்டது.

"அப்ப என்ற பவுடர் நல்ல பவுடர்தானுங்களே?" என்றார் கடைசியில்.

"ரொம்ப நல்ல பவுடருங்க. செல்வி அதுலதான் தெளிச்சாங்க. ஐம்பது சுத்து நின்னுச்சு."

"சரிங்க தம்பி. இதை என்ற வீட்டுக்காரிகிட்டயும் ஒருக்காச் சொல்லிடுங்க. மூணு நாளா அவளுக்குத் தூக்கம் இல்லீங்க" என்று போனைக் கைமாற்றினார்.

அந்த அம்மாவை நான் பார்த்ததில்லை. பேர்கூடத் தெரியாது. வண்டி வருவதாக அறிவித்தார்கள், நடைமேடையில் எல்லாரும் எழுந்தார்கள். நான் பெஞ்சிலேயே உட்கார்ந்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் இன்னொரு முறை சொன்னேன். நடுவில் எப்போது சல்லடைச் சத்தம் நின்றது என்று கவனிக்கவில்லை. நின்றிருந்தது.